பிச்சாவரம் வரைபடத்தில் தகவல் இடங்களுக்குக் குறி போட்ட அனுபவம்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு ஏ3 தாளில் ஒரு தமிழ் வரைபடம் தயாரித்தோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியர்களும், கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் குடும்பங்களும் கையில் வைத்துப் பார்ப்பதற்கு. ஓடைகள், தீவுகள், படகுத்துறை, பார்வைக் கோபுரம், கழிப்பறை, குடிநீர் எல்லாம் பெரிய தகராறு இல்லாமல் தாளில் உட்கார்ந்துவிட்டன. நேரத்தை எல்லாம் இழுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான்: பார்வையாளருக்குத் தகவல் தரும் இடங்களை எப்படி வகை பிரிப்பது, எந்த வகைக்கு என்ன குறி போடுவது. இதே மாதிரி வேலையை ஓர் ஏரிக்கோ காட்டுக்கோ செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அடிப்படைத் தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சேர்க்கலாம். அதில் சுற்றுலாத் தகவல் தரும் எந்த இடத்துக்கும் தலைக் குறிச்சொல் ஒன்றுதான்: டூரிசம்=இன்ஃபர்மேஷன். அதற்குக் கீழே இன்னொரு குறிச்சொல்லில் வகையைச் சொல்லலாம். ஆள் உட்கார்ந்திருக்கும் அலுவலகம் என்றால் ‘ஆஃபீஸ்’, காட்சிக்கூடத்தோடு இருந்தால் ‘விசிட்டர் சென்டர்’, விளக்கப் பலகைக்கு ‘போர்டு’, நட்டு வைத்த வரைபடத்துக்கு ‘மேப்’, கைகாட்டிக்கு ‘கைடுபோஸ்ட்’, பாதையில் அங்கங்கே போடும் அடையாளத்துக்கு ‘ரூட் மார்க்கர்’. தொடுதிரைப் பெட்டி, ஒலிவழிகாட்டி, பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்கும் வரைபடம் இவற்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. பிரிப்பதற்கு இடம் இருக்கிறது, ஆனால் பிரித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தலைக் குறிச்சொல்லை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படிப் போட்ட புள்ளிகள் எல்லாம், நாம் தனியாகப் பார்த்துப் பிரிக்காவிட்டால், வரைபடத்தில் ஒரே மாதிரி புள்ளி வைத்த ஆங்கில ஐ-யாக வந்து நிற்கும்.

ஊருக்குள் இதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஐ போட்ட இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் பக்கத்து டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். காட்டோரத்தில் அப்படி முடியாது. சித்திரை வெயிலில், கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை என்று ஓர் அம்மா வரைபடத்தைப் பார்த்து அந்த ஐ இருக்கும் இடத்துக்கு நடக்கிறார். அவர் கேட்கவேண்டியது, “கடைசிப் படகு எப்போ? பாட்டியால படியேற முடியாது, என்ன பண்றது?” போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது மரத்தின் அறிவியல் பெயர் எழுதிய பலகை. பலகை நல்ல பலகைதான். ஆனால் வரைபடம் அவருக்கு வேறு ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே வகைப்பாட்டைப் பொருளின் தோற்றத்திலிருந்து தொடங்காமல், வருபவர் மனதில் இருக்கும் கேள்வியிலிருந்து தொடங்கினோம்.

கேள்விகள் என்று பார்த்தால் ஐந்தாறுக்கு மேல் இல்லை. யாரிடம் கேட்பது? நான் இப்போது எங்கே நிற்கிறேன்? அங்கே போக எந்தப் பக்கம்? கண் முன்னால் இருக்கும் இது என்ன? இங்கே எதைச் செய்யக் கூடாது? களத்துக்குப் போகும்போது இந்தக் கேள்விகளைத்தான் தாளின் தலையில் எழுதிக்கொண்டு போனோம். ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் நின்று, இது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று முதலில் எழுதுவது. மரப்பலகையா, இரும்புத் தகடா, ஃபிளெக்ஸா என்பதெல்லாம் அப்புறம்.

களப்பதிவுக்கு ‘எவ்ரி டோர்’ என்ற செயலியைப் பயன்படுத்தினோம். கிள்ளையைத் தாண்டி உள்ளே போகப் போக சிக்னலை நம்ப முடியாது, அதனால் தரவை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு பலகைக்கும் முன்பக்கம் ஒரு படம், பத்தடி தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு ஒரு படம். எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எந்தெந்த மொழியில் இருக்கிறது, படிக்க முடிகிறதா, சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்மட்டத்துக்கு வருகிறதா என்று குறிப்பு. பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நகலெடுத்துத் தரவில் ஏற்றவில்லை. அது எழுதியவருக்குச் சொந்தமான வாசகம். தலைப்பையும் பொருளையும் மட்டும் எங்கள் வார்த்தையில் போட்டோம்.

இடக்குறிப்பில் ஒரு சிக்கல் வந்தது. திறந்த வெளியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் நான்கைந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மரத்தடியில் இன்னும் மோசம். படகுத்துறைப் பக்கத்தில் பலகைகள் ஏழெட்டு மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பினால் இடதுபக்கப் பலகை வலதுபக்கம் போய்விடும். அந்த இடத்தில் மட்டும் அளவு நாடா பிடித்தோம். கட்டடத்தின் ஒரு மூலையை ஆதாரமாக வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு அளவு. வீட்டுக்கு வந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தும் ‘ஜாஸ்ம்’ மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் அதே மூலையிலிருந்து புள்ளிகளை வைத்தோம். செயற்கைக்கோள் படமும் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம், ஆனால் பலகைகள் ஒன்றுக்கொன்று சரியான இடத்தில் இருக்கும். நடந்து வருகிறவருக்கு அதுதான் வேண்டும்.

எல்லைக்கோட்டில் நிற்கும் விஷயங்கள்தான் இந்த வேலையின் ருசியே. முதலாவது, படகு டிக்கெட் கவுன்ட்டர். அங்கே ஆள் இருக்கிறார், கேட்டால் பதிலும் சொல்கிறார். அப்படியானால் தகவல் இடமா? நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: கேட்பவருக்குப் பதில் சொல்வது அந்த ஆளின் வேலையா, அல்லது வரிசைக்கு நடுவே அவர் செய்யும் உதவியா? கவுன்ட்டரில் இருப்பவர் வேலை டிக்கெட் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையைப் பார்த்தவர்கள், அவரிடம் காட்டைப் பற்றிக் கேள் என்று யாரையும் அனுப்ப மாட்டார்கள். அதற்கு டிக்கெட் குறி, அவ்வளவுதான்.

அடுத்தது படகோட்டிகள். துறையில் ஓர் அண்ணனிடம் வரைபடத்தின் முதல் நகலைக் காட்டி, “அண்ணே, உள்ள போற வழியில வேற எங்கயாவது போர்டு இருக்கா?” என்று கேட்டேன். தாளைத் திருப்பி, தன் ஊர் எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம், “போர்டை யாரு தம்பி படிக்கிறா? படகுல ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் எங்களத்தான் கேப்பாங்க. இது என்னா மரம், அது என்னா பறவ, சுனாமி வந்தப்போ எங்க இருந்தீங்கன்னு” என்றார். உண்மை அதுதான். 2004 டிசம்பரில் நடந்ததை எந்தப் பலகையும் அவர்கள் சொல்வதுபோலச் சொல்லாது. பிச்சாவரத்தில் மிகச் சிறந்த தகவல் தரும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதைப் புள்ளியாகக் குறிக்க வழியில்லை. படகுத்துறைக் குறிக்குப் பக்கத்தில், ‘காட்டைப் பற்றிப் படகோட்டியிடம் கேளுங்கள்’ என்று ஒரு வரியாகவே அச்சிட்டோம். குறியால் முடியாததை எழுத்தால் சொல்வதில் தவறில்லை.

மூன்றாவது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தில்லையைப் பற்றிய பலகை ஒன்று, பாதி மரத்தின் கதை, பாதி ‘தொடாதீர்கள்’. இது விளக்கமா, எச்சரிக்கையா? எங்களுக்குள் நல்ல விவாதம் நடந்தது. கடைசியில் இப்படித் தீர்த்தோம்: எச்சரிக்கையைப் பொறுத்தவரை பலகை எங்கே நிற்கிறது என்பது முக்கியமே இல்லை, ஆபத்து எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆழமான ஓடை, வழுக்கும் கரை, தில்லை நிற்கும் ஓரம். இவற்றை ஆபத்து இருக்கும் இடத்திலேயே முக்கோணமாகக் காட்ட வேண்டும். பலகையைத் தனியாக விளக்கப் பலகையாகக் காட்டினால் போதும். இதற்குப் பிறகு ‘எச்சரிக்கைப் பலகை’ என்ற வகையையே தகவல் வகைகளிலிருந்து எடுத்துவிட்டோம். உயிர்காப்பு உடை அணியவும், நெகிழிப் பை கொண்டுவராதீர்கள் என்ற மாதிரி அறிவிப்புகள் வரைபடத்தின் ஓரத்தில் சொற்களாகப் போய்விட்டன. தரவில் மட்டும் அவை ‘போர்டு’ என்றும், உள்வகையில் ‘நோட்டிஸ்’ என்றும் இருக்கின்றன; நாளைக்கு வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

பாழான பலகைகளைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஒரு பலகையின் இரண்டு இரும்புக் கால்களும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் செதில் செதிலாகத் துருவேறி, விரலால் தொட்டாலே உதிர்ந்தன. மேலே ஒட்டியிருந்த படத்தில் நீலம் மட்டும் மிச்சம், சிவப்பும் மஞ்சளும் வெயிலில் போய்விட்டன. எழுத்து இருந்த இடத்தில் வெறும் தகடு. இப்படிப்பட்டதை அச்சு வரைபடத்தில் காட்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தரவிலிருந்து அழிக்கவும் இல்லை. ‘டிஸ்யூஸ்டு’ (பயன்பாட்டில் இல்லை) என்ற முன்னொட்டோடு வைத்தோம். இரும்புச் சட்டம் நின்றால் அதில் புதுப் பலகை வரும்.

நல்ல நிலையில் இருந்த விளக்கப் பலகைகளுக்கு வருவோம். வெண்கண்டல் தன் இலை வழியாகவே உப்பை வெளியேற்றும். இலையின் மேல் அந்த உப்பு படிந்திருப்பதைப் பார்க்கலாம், நாக்கில் வைத்தால் தெரியும். சுரபுன்னையின் வேரோ கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வில்லாக வளைந்து சேற்றுக்குள் இறங்கி மரத்தைத் தாங்கும். இதைச் சொல்லும் பலகை அந்த மரத்தடியில் நிற்கும்போதுதான் பலன். பிள்ளை படிக்கும், திரும்பும், இலையைத் தொட்டுப் பார்க்கும். அதனால் விளக்கப் பலகை வகையில் மட்டும் திசையும் ஒரு செய்தி ஆகிறது. சில பலகைகள் நடைபாதையைப் பார்க்கின்றன, சில ஓடையைப் பார்க்கின்றன. ஓடையைப் பார்ப்பதைக் கரையில் நிற்பவர் படிக்க முடியாது. அவருக்குத் தெரிவது பலகையின் முதுகு. தரவில் ‘டைரக்‌ஷன்’ என்ற குறிச்சொல்லில் பாகைக் கணக்கில் பதிந்தோம். வரைபடத்தில் பலகைக் குறியின் படிக்கும் பக்கத்தில் ஒரு தடித்த கோடு. வரைபடம் தயாரிக்கும் ‘க்யூஜிஸ்’ மென்பொருளில் குறியின் சுழற்சியைத் தரவிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் படம் சாயக் கூடாது. அதனால் கோடு ஓர் அடுக்கு, படம் இன்னோர் அடுக்கு. சுழற்சி கோட்டுக்கு மட்டும்.

இனி அளவு. பிச்சாவரம் 2022-ல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் உள்ள பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். இதை ஏ3 தாளில் கிடைமட்டமாகப் போட 1:15,000 அளவுகோல் ஒத்துவந்தது. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 15 மீட்டர். குறி நான்கு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வயதானவர் கண்ணுக்குத் தெரியாது. நான்கு மில்லிமீட்டர் என்றால் தரையில் 60 மீட்டர். ஏழெட்டு மீட்டர் இடைவெளியில் நிற்கும் பலகைகள் இந்த அளவில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிவிடும். குறிகளைத் தள்ளி வைத்து மெல்லிய கோட்டால் உண்மையான இடத்தைக் காட்டுவது ஒரு வழி. பார்க்க முடியைப் பிரித்துப் போட்டது மாதிரி ஆகிவிட்டது, கைவிட்டோம். பதிலாக, பெரிய வரைபடத்தில் படகுத்துறைப் பகுதிக்கு ஒரு கட்டம் மட்டும் போட்டு, தாளின் மூலையில் அதையே 1:1,000-ல் தனியாகக் கொடுத்தோம். அங்கே ஒரு மில்லிமீட்டர் ஒரு மீட்டர், குறியின் அளவு நான்கு மீட்டர். எல்லாம் மூச்சுவிட இடம் கிடைத்து நின்றது. பெரிய வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குள் ஆள் இருக்கும் இடத்தின் குறி ஒன்றே ஒன்று. நெருக்கடி வந்தால் எந்தக் குறி தங்கும், எது விலகும் என்ற வரிசையை முதலிலேயே எழுதி வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. ஆள், நிலைவரைபடம் (அங்கே நட்டு வைத்த வரைபடம்), கைகாட்டி, விளக்கப் பலகை என்பது எங்கள் வரிசை.

குறிகளை ‘இங்க்ஸ்கேப்’ என்ற படம் வரையும் மென்பொருளில் 16-க்கு 16 கட்டத்தில் வரைந்தோம். நான்கு மில்லிமீட்டர் குறியில் ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர். ஆஃப்செட் அச்சில் இதைவிட மெல்லிய வெள்ளைக்கோடு கறுப்புப் பின்னணியில் மை ஊறி அடைபட்டுவிடும். ஆகவே எந்தக் கோடும் ஒரு கட்டத்துக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டோம். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் குறிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தெளிவானவை. பார்த்துக் கற்றுக்கொள்ள அவை போதும். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தாள்களில் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் தகவல் மையத்துக்கு ஒரு மாதிரி ஐ, பருவத்தில் மட்டும் திறப்பதற்கு வேறு மாதிரி ஐ போடுகிறார்கள். ஆள் இருப்பாரா இல்லையா என்பதை அவர்களும் முக்கியமாக நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படகு நிற்கும் நாட்கள் இங்கேயும் உண்டு.

வகைக்கு வடிவம், வண்ணம் துணைக்கு மட்டும். ஆள் இருக்கும் இடம் வட்டம். பலகைகள் சதுரம். கைகாட்டி, ஒரு பக்கம் கூரான பட்டை. ஆபத்து முக்கோணம்; இந்தியச் சாலைக் குறிகளில் எச்சரிக்கை முக்கோணமாகத்தான் இருக்கிறது, எல்லோருக்கும் பழகிய வடிவம். இப்படிச் செய்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் எந்த வரைபடமும் கடைசியில் ஜெராக்ஸ் ஆகும். நாற்பது பிள்ளைக்கு நாற்பது கறுப்பு வெள்ளை நகல். பச்சைச் சதுரமும் சிவப்புச் சதுரமும் அங்கே ஒரே சாம்பல். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இதே நிலைதான். நகல் எடுத்த நகலைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, வட்டம் வட்டமாகவே தெரிந்த பிறகுதான் வடிவங்களை உறுதி செய்தோம்.

வண்ணத்தில் இந்த இடத்துக்கே உரிய சங்கடம் ஒன்று. தகவல் குறி என்றால் நீலம் என்பது பரவலான வழக்கம். நம் நெடுஞ்சாலைத் தகவல் பலகைகளும் நீலம். இயற்கை சம்பந்தப்பட்டது என்றால் பச்சை. பிச்சாவரம் வரைபடமோ பாதி நீலம், மீதி பச்சை. ஓடைக்கரையில் நிற்கும் நீலக் குறி தண்ணீரில் கரைந்துபோகிறது. காட்டுக்குள் நிற்கும் பச்சைக் குறி இலையோடு இலையாகிறது. குறியைச் சுற்றி வெள்ளை விளிம்பு போட்டால் சமாளிக்கலாம் என்று முதலில் தோன்றியது; விளிம்பு தடிக்கத் தடிக்க நான்கு மில்லிமீட்டரில் படத்துக்கு இடம் போயிற்று. பின்னணியைத்தான் இறக்க வேண்டியிருந்தது. தண்ணீரை வெளிறிய நீலமாக்கினோம், காட்டைச் சாம்பல் கலந்த பச்சையாக்கினோம், குறிகள் எல்லாம் கறுப்புக்கு நெருக்கமான ஆழ்பழுப்பு, மெல்லிய வெள்ளை விளிம்பு. பார்த்ததும் காடு கொஞ்சம் சோகையாகத் தெரிகிறதே என்று எங்களில் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. காட்டின் பச்சையைப் பார்க்கத்தான் நேரில் போகிறோம். வரைபடம் வழி சொன்னால் போதும்.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் குறிகளை மக்களிடம் காட்டிக் கேட்டோம். குறிகளின் புரிதலைச் சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 9186 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. அதன் சாரம் எளிமையானது: குறியைக் காட்டு, எங்கே பார்ப்பாய் என்று சூழலைச் சொல், ‘இது என்ன?’ என்று கேள், பதிலை அப்படியே எழுது, விடையைத் தெரிவு செய்யப் பட்டியல் கொடுக்காதே. படகுக்குக் காத்திருந்தவர்களிடமும் சிதம்பரம் பேருந்து நிலையத்திலும் இதைச் செய்தோம். படகையும் கழிப்பறையையும் எல்லோரும் சொன்னார்கள். நிலைவரைபடத்துக்கு மடித்த தாள் போட்டிருந்தோம். ‘லெட்டர்’, ‘புக்கு’ என்று பதில் வந்தது. மடிப்புகளை எடுத்துவிட்டு, சட்டத்துக்குள் ஒரு வளைந்த கோடும் அதில் ஒரு புள்ளியும் வைத்ததும், ‘நாம இருக்கிற எடம்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விளக்கப் பலகைக்கு வெறும் இலை போட்டால் ‘நர்சரி’. இலையோடு இரண்டு எழுத்துக்கோடுகள் சேர்த்து, கீழே கால் வைத்ததும் ‘போர்டு’ ஆனது.

எங்களுக்கு மிக முக்கியமான வட்ட ஐ-யில்தான் எதிர்பாராத பதில். ஐஎஸ்ஓ 7001 தரநிலையில் தகவலுக்கு ஐ இருக்கிறது. அமெரிக்காவில் 1974-ல் போக்குவரத்துத் துறைக்காக உருவாக்கிய குறித்தொகுப்பில் கேள்விக்குறி. இரண்டையும் காட்டினோம். இளைஞர்கள் ஐ-யைப் பார்த்ததும் ‘இன்ஃபோ’ என்றார்கள், கைப்பேசியில் தினமும் பார்ப்பது. ஐம்பதைத் தாண்டியவர்களில் சிலர் ‘ஒண்ணு’ என்றார்கள், எண் ஒன்று. ஒரு பாட்டி ‘மெழுவர்த்தி’ என்றார். கேள்விக்குறிக்கு ‘எதுன்னு தெரியாத இடம்’ என்று விளக்கம் வந்தது. இதைக் கேட்ட அன்றே கேள்விக்குறியைக் கைவிட்டோம். மேசைக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி வரைந்த குறி எல்லோருக்கும் ஆள் என்று புரிந்தது, ஆனால் ‘டிக்கெட் குடுக்கிறவர்’ என்றும் ‘கடை’ என்றும் புரிந்தது.

இங்கேதான் வகைப்பாட்டில் காட்டிய கண்டிப்பு பலன் தந்தது. ஐ-யைக் கேட்டால் பதில் சொல்லும் இடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கியதால், மொத்தத் தாளிலும் அது மிகக் குறைவான இடங்களில்தான் வருகிறது. குறைவாக வருவதால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘தகவல்’ என்று தமிழில் எழுத இடம் இருக்கிறது. எல்லாப் பலகைக்கும் ஐ போட்டிருந்தால் இது நடக்காது. வெளிநாட்டிலிருந்து ஆரோவில் வந்து அப்படியே இங்கேயும் எட்டிப்பார்ப்பவருக்கு ஐ, நம் பாட்டிக்குத் ‘தகவல்’. இரண்டும் ஒரே இடத்தில்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்துக்கு ஆறு புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து போதும் என்பார்கள். தமிழில் ஆறு புள்ளியில் ணை, னை, லை போன்றவற்றின் சுழிகள் அடைந்து, மங்கிய தாளில் படிக்க முடிவதில்லை. ஏழரைக்குக் கீழே இறங்கவில்லை. அதற்கேற்பச் சொற்களைச் சுருக்கினோம்: ‘அலையாத்தித் தாவரங்கள் குறித்த விளக்கப் பலகை’ என்பது ‘மரம்’ ஆனது. குறிவிளக்கப் பட்டியலில் முழுப்பெயர் இருக்கிறது. பட்டியலின் வரிசையும் மேலே சொன்ன கேள்விகளின் வரிசைதான், அகரவரிசைப்படி அடுக்கவில்லை.

கடலூரில் ஓர் அச்சகத்தில் முதல் தாள் வந்தபோது தண்ணீர் ஊதா நிறமாக இருந்தது. திரையின் நீலத்தை அச்சு மைக்கு மாற்றும்போது மெஜந்தா (கருஞ்சிவப்பு மை) கூடினால் இப்படித்தான் ஆகும். மெஜந்தாவைக் குறைத்து, சயானை (நீல மை) கொஞ்சம் வைத்து மறுபடி போட்டதும் சரியாயிற்று. படகில் தண்ணீர் தெறிக்கும் என்பதால் லேமினேட் செய்து பார்த்தோம். வெயிலில் பளபளத்துக் கண் கூசியது. நெகிழிக் கலப்புள்ள கிழியாத தாள், பளபளப்பு இல்லாதது, கிடைத்தது. விலை கூடுதல்தான், ஆனால் படகுக்குள் எடுத்துப்போகும் பிரதிகளுக்கு அது வேண்டும். வகுப்பறைக்கு சாதாரண மேப்லித்தோ தாள் போதும். தாளின் கீழே ‘© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போட்டிருக்கிறோம். உரிமத்தின்படி அதைப் போட்டாக வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

இணையத்தில் பார்க்கும் பதிப்புக்கு இதே விதிகளை க்யூஜிஸ்ஸில் விதிவாரிக் குறியீடாக எழுதி வைத்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது வட்டம் மட்டும். கொஞ்சம் நெருங்கினால் நிலைவரைபடமும் கைகாட்டியும். நன்றாக நெருங்கிய பிறகே விளக்கப் பலகைகள். கீழ்வகை இல்லாமல் வெறும் தலைக் குறிச்சொல்லோடு இருக்கும் புள்ளிகளுக்கு எந்தக் குறியும் போடாமல், திருத்துபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு சாம்பல் வளையம் வைத்தேன். என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு மக்களை அனுப்புவதைவிட, யாராவது நேரில் போய்ப் பார்த்து வகை சேர்க்கும் வரை அந்தப் புள்ளி காத்திருக்கட்டும்.

அடுத்து ஊசுடு ஏரி. புதுச்சேரி அரசு தன் பக்கத்தை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் மறுபாதி தமிழ்நாட்டில். அதனால் ஒரே ஏரியைச் சுற்றி இரண்டு நிர்வாகங்களின் பலகைகள். பறவைகளைப் பற்றிய பலகை எந்தத் துறை வைத்ததாக இருந்தாலும் எங்கள் தாளில் ஒரே சதுரம்தான்; யார் வைத்தது என்பது தரவில் ‘ஆபரேட்டர்’ குறிச்சொல்லில் இருக்கும். அங்கே புதிதாக ஒரு வகை தேவைப்படுகிறது. கரையில் நின்று பறவை பார்க்க நல்ல இடங்கள், பலகையும் இல்லை ஆளும் இல்லை, ஆனால் காலையில் பைனாகுலரோடு வருபவர்கள் அங்கேதான் கூடுவார்கள், தெரியாதவர்களுக்குக் காட்டவும் செய்வார்கள். பார்வையிடம் என்று கண் குறியாகப் போடலாம் என்பது இப்போதைய எண்ணம். பிச்சாவரம் தரவில் ஒவ்வொரு பலகைக்கும் கடைசியாகச் சரிபார்த்த தேதி ‘செக் டேட்’ குறிச்சொல்லில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த பிறகு அந்தப் பக்கம் போகிறவர்கள், பலகை நின்றால் தேதியைப் புதுப்பியுங்கள். விழுந்திருந்தால் ‘டிஸ்யூஸ்டு’ சேர்த்துவிடுங்கள். அடுத்த அச்சுக்கு அந்தத் தரவைத்தான் எடுப்போம்.